பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏசியைப் பற்றிச் சொல்லுங்கள்

பழைய கார் வாங்கப் போகும் சொந்தக்காரர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் பார்க்க அவர்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வருவார். ஏசியைப் பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. விற்பவர் பெரும்பாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வரச் சொல்வார். நாங்கள் போய்ச் சேரும்போது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி நிற்கும். கண்ணாடிகள் ஏற்றியிருக்கும், காற்றைத் தள்ளும் பிளோயர் ஒன்றாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "கையை வச்சுப் பாருங்க சார், விரல் விறைச்சுப் போகும்" என்பார். வைத்துப் பார்த்தால் உண்மையிலேயே விறைக்கும். கூட வந்தவர்கள் முகத்தில் திருப்தி தெரியும். நான் அப்போது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நாளைக்கு மதியம் வெயில்ல நிறுத்தி வச்சிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்ட முடியுங்களா?"

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை. ஆறு மணிக்கு அந்த ஏசி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஆறு மணிக்குக் கைக்குச் சில்லென்று படாத ஏசி அநேகமாக ரிப்பேர் ஆன ஏசியாகத்தான் இருக்கும். வெயில் இறங்கிவிட்டது, வண்டி முன்கூட்டியே குளிர்ந்துவிட்டது, பின்னால் யாரும் இல்லை, கதவை யாரும் திறக்கவில்லை. ஏசியின் திராணி தெரிய வேண்டும் என்றால் அதற்குக் கஷ்டம் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கஷ்டம் நான்கு விதமாக வருகிறது. வெயிலில் நின்று வெந்துபோன வண்டி, கடற்கரைப் பக்கத்துப் புழுக்கம், நகராத டிராஃபிக், அப்புறம் பின் சீட்டு. இந்த நான்கிலும் ஓர் ஏசி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் அது நல்லது என்றோ மோசம் என்றோ நான் சொல்வதில்லை.

முதலில் வெந்துபோன வண்டி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊரில் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. வெளியே 38 டிகிரிக்கு மேல் போன நாட்களில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி. டாஷ்போர்டு 69, ஸ்டீயரிங் 53, சீட் 51. அரிசோனா பாலைவனம்தான், ஆனாலும் கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ திறந்த வெளியில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இந்த எண்கள் அந்நியமாகத் தோன்றாது.

இதில் கவனிக்க வேண்டியது காற்றின் சூட்டைவிட டாஷ்போர்டின் சூடு. ஒரு காருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்று கனமீட்டர், எடை மூன்றரை கிலோகூட வராது. அதைக் குளிர்விப்பது ஏசிக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் சுற்றிலும் பல கிலோ பிளாஸ்டிக்கும் ஃபோமும் இரும்பும் கண்ணாடியும் சூடேறி நிற்கின்றன. காற்று குளிரக் குளிர இவை தங்கள் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஏசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் முதுகு வேர்ப்பது இதனால்தான். வென்ட்டில் குளிர்க்காற்று வந்துகொண்டிருக்கும், கூரையும் சீட்டும் இன்னும் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், நம் உடம்பு அந்த வெப்பத்தையும் சேர்த்தே உணரும்.

கார் கம்பெனிகள் ஏசியைச் சோதிக்கும்போது இந்த நிலையிலிருந்துதான் தொடங்குகின்றன. சோதனை அறையில் வண்டியை நிறுத்தி, வெயிலுக்குப் பதிலாகக் கூரையிலிருந்து விளக்குகளை எரியவிட்டு, உள்ளே நன்றாகச் சூடேறும்வரை ஊறவைப்பார்கள். பிறகு கதவைத் திறந்து ஆட்கள் உள்ளே உட்கார்ந்து ஏசியை முழுதாகத் திருப்புவார்கள். முதலில் மிதமான வேகம், அப்புறம் நெடுஞ்சாலை வேகம், கடைசியில் இன்ஜினை ஐடிலில் விட்டு நிற்பது. ஒவ்வொரு வென்ட்டின் வாயிலும், ஒவ்வொரு சீட்டிலும் மூக்கு உயரத்திலும், கால் பக்கத்திலும் சென்சார் வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்வார்கள். இதில் மூக்கு உயரம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வென்ட்டில் வருவது இயந்திரத்தின் பெருமை. மூக்குக்கு நேரே இருப்பதுதான் பயணிக்குக் கிடைப்பது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கும் ஏசி போட்டு ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எஸ்சி03 என்று பெயர். 35 டிகிரி வெப்பம், 40 சதவீத ஈரப்பதம், சதுர மீட்டருக்கு 850 வாட் செயற்கை வெயில், பத்து நிமிட ஓட்டம். அது பயணியின் சுகத்தை அளக்க வந்ததல்ல. ஏசி போட்டால் பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது, புகை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வந்தது. அந்த 40 சதவீதம் என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சென்னை ஞாபகம் வரும்.

வேலூரில் மே மாத மதியம் 41 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் சென்னையில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டது, 35 டிகிரி, 60 சதவீதம். எந்த ஊரில் ஏசிக்கு அதிக வேலை? நான் கேட்ட எல்லோரும் வேலூர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மாறாக வருகிறது. வெளிக்காற்றை இழுத்து 10 டிகிரிக்குக் குளிர்விக்க, வேலூர்க் காற்றில் ஒரு கிலோவுக்குச் சுமார் 37 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். சென்னைக் காற்றில் சுமார் 61. ஆறு டிகிரி குறைவான ஊரில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை!

காரணம் தண்ணீர். சென்னைக் காற்றில் ஒரு கிலோவுக்கு 21 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. 10 டிகிரிக்கு வரும்போது அதில் கிட்டத்தட்ட 14 கிராம் தண்ணீராக மாறி, டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் வழிகிறது. வேலூர்க் காற்றில் 2 கிராம்தான் வழியும். நீராவி தண்ணீராகும்போது விடும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல, அதையும் ஏசிதான் சுமக்க வேண்டும். தெர்மாமீட்டர் காட்டும் டிகிரியைக் குறைக்கும் முன்பே ஏசியின் பலத்தில் பாதிக்கு மேல் காற்றைப் பிழிவதிலேயே போய்விடுகிறது. அமெரிக்கச் சோதனையின் 35 டிகிரி, 40 சதவீதக் காற்றை இதே கணக்கில் போட்டால் 42 கிலோஜூல் வரும். அங்கே நன்றாகத் தேறிய வண்டி மெரினா பக்கம் ஜூன் மாத மாலையில் திணறினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அதனால்தான் நான் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். ஏசி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் முன்பக்கம், இடது சக்கரத்துக்கு உள்ளே, சில வண்டிகளில் நடுவில், தண்ணீர் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் வெளிக்காற்றை இழுக்கவிட்டு ஓட்டினால், மணிக்கு நூறு கனமீட்டர் காற்று உள்ளே வந்தால்கூட ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். சொட்டாவிட்டால் இரண்டில் ஒன்று. காயில் சரியாகக் குளிரவில்லை, அல்லது வடிகுழாய் அடைத்திருக்கிறது. அடைத்திருந்தால் தண்ணீர் டாஷ்போர்டுக்குள் தேங்கி, ஒருநாள் முன் சீட்டுக்காரர் காலடி மேட்டை நனைக்கும். ஏசி போட்டதும் வரும் அந்த ஈரத் துணி நாற்றமும் நனைந்தபடியே கிடக்கும் காயிலிலிருந்து வருவதுதான். பர்ஃப்யூம் தொங்கவிட்டு அதை மறைத்திருக்கும் வண்டிகளை நான் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பேன்.

வென்ட்டில் கை வைப்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான். பிளோயர் ஒன்றில் இருக்கும்போது காற்று காயிலை மெதுவாகக் கடந்து போகிறது. மெதுவாகப் போகும் காற்று நன்றாகக் குளிரும். பிளோயரை நான்கில் வைத்தால் காற்று வேகமாகக் கடக்கிறது, அவ்வளவு குளிராது. உள்ளே 30 டிகிரி இருக்கும்போது, ஒன்றில் மணிக்கு 100 கனமீட்டர் காற்று 6 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரிலிருந்து அது எடுக்கும் வெப்பம் 0.8 கிலோவாட். நான்கில் 350 கனமீட்டர் காற்று 12 டிகிரியில் வந்தால் 2.1 கிலோவாட். கைக்கு 6 டிகிரிதான் பிரமாதமாக இருக்கும். ஆனால் வண்டியைக் குளிர்விப்பது அந்த 12 டிகிரிதான், அதுவும் இரண்டரை மடங்கு.

என் அக்கா வீட்டு வண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் வேர்க்கிறது என்று அழுதுகொண்டே இருக்க, அத்தான் மட்டும் "வென்ட்ல அஞ்சு டிகிரி காட்டுது, இதுக்கு மேல என்ன வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தெர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டியது. கிளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவினோம். வேப்பிலைச் சருகும் தூசியும் சேர்ந்து அட்டையாகிப் போயிருந்தது. காற்று வர வழியில்லை, வந்த கொஞ்சக் காற்று மட்டும் கடுமையாகக் குளிர்ந்து வந்திருக்கிறது. அடைத்த ஃபில்டர் தெர்மாமீட்டருக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வென்ட் வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொல்லும் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. புது ஃபில்டர் போட்டதும் வென்ட்டில் 9 காட்டியது, பிள்ளைகள் தூங்கிப் போனார்கள்.

சரி, நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கம்பிமுனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, கைபேசியில் ஸ்டாப்வாட்ச். வண்டியை வெயிலில் மூக்கைத் தெற்கே வைத்தோ மேற்கே வைத்தோ ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் நடு வென்ட்டுக்குள். இன்னொன்று பின் சீட்டில், நடுவில், உட்கார்ந்தவரின் மூக்கு உயரத்தில், வெயில் நேரடியாகப் படாதபடி. வெளி வெப்பநிலையும் ஈரப்பதமும் குறித்துக்கொள்வேன். இவை இரண்டும் இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை.

கிளம்பியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியை விடச் சூடு, அதை ஏசியை வைத்துக் குளிர்விப்பது வீண். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியில் போட்டு, பிளோயரை முழுதாக வைத்து ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவேன். வெளியே 36, 37 டிகிரி இருக்கும் நாளில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு, நடு வென்ட்டில் 8 முதல் 12 டிகிரிக்குள் வந்துவிட்டால் எனக்குத் திருப்தி. பின் சீட்டு இருபது நிமிடத்தில் 26 டிகிரிக்கு வர வேண்டும். இது சட்டப் புத்தகத்தில் உள்ள அளவு இல்லை, பல வண்டிகளைப் பார்த்து நானே வைத்துக்கொண்ட அளவுகோல். 3 டிகிரிக்குக் கீழே காட்டச் சொல்லி யாரும் ஆசைப்படவும் வேண்டாம். காயில் பூஜ்யத்துக்குப் போனால் அதில் வழியும் தண்ணீர் உறைந்து காற்றையே அடைத்துவிடும் என்பதால், அதற்கு முன்பே, குளிர்விக்கும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை நிறுத்தவோ வேகம் குறைக்கவோ ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். நீண்ட தூரம் ஓட்டும்போது ஒரு மணி நேரம் கழித்துக் காற்றே வராமல் போய், ஏசியை அணைத்துப் பத்து நிமிடத்தில் மறுபடி வந்தால் இந்த சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து டிராஃபிக். குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய் ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் பக்கம் சாயங்கால நெரிசலில் விட்டால் போதும், வேறு சோதனைக்கூடம் வேண்டாம். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றும். வண்டியின் முன்பக்கம் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடும் பகுதிதான் கண்டென்சர், ஓட்டத்தில் அதைக் குளிர்வித்த எதிர்காற்று நின்றுவிடும். முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூடும் சேர்ந்து வரும். இந்த நிலையில் வென்ட் மூன்று நான்கு டிகிரி ஏறுவது இயல்பு. பத்து டிகிரி ஏறினால் கோளாறு. பெரும்பாலும் முன்னால் இருக்கும் மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை, அல்லது கண்டென்சரின் துடுப்புகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றன. வண்டி கழுவும்போது கிரில் வழியாகத் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கண்டென்சரைக் கழுவினாலே பல வண்டிகள் தேறிவிடும். பிரஷர் வாஷ் குழாயைக் கிட்டத்தில் பிடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும், அதில் மட்டும் கவனம்.

இப்போது கேஸ். என்னை உண்மையாகவே கோபப்படுத்தும் விஷயம் இது. மார்ச் மாதம் பிறந்தால் போதும், "கூலிங் கம்மியா இருக்கு" என்று ஒருவர் கடைக்குப் போவார், "கேஸ் அடிச்சிடலாம்" என்று பதில் வரும். கேஜை மாட்டி, பிரஷரைப் பார்த்து, ஒரு கேனைத் திறந்துவிடுவார்கள். அடுத்த மார்ச்சில் மறுபடியும். கார் ஏசி மூடிய அமைப்பு, அதில் கேஸ் தீர்ந்துபோகும் வழக்கமே இல்லை. குழாயின் ரப்பர் வழியாகவும் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. வருஷா வருஷம் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

பிரஷரைப் பார்த்து எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பது ஏன் என்று நம் வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்தால் புரியும். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். உள்ளே திரவம் ஒரு சொட்டாவது இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும் என்றால் தூக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும் காரிலும் அப்படியே. நம் கார்களில் அதிகம் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். 450 கிராம் இருந்தாலும் 97, 250 கிராம் இருந்தாலும் 97. ஓட்டத்தில் பார்க்கும் பிரஷர் உதவும், நல்ல மெக்கானிக்குக் குறைந்த அழுத்தம் 30, உயர் அழுத்தம் 200, 220 என்ற எண்கள் நிறையச் சொல்லும். ஆனால் அந்த எண்களும் வெளிச்சூடு, விசிறி, பிளோயர், கம்ப்ரசர் வகை எல்லாவற்றையும் பொறுத்து ஆடும்.

அதனால் சரியான வழி ஒன்றுதான். இருக்கும் கேஸை இயந்திரத்தால் வெளியே எடுத்து எடை பார்க்க வேண்டும். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சின்னக் கார்களில் 350 முதல் 500 கிராம் வரை இருக்கும். எடுத்தது எவ்வளவு, எழுதியிருப்பது எவ்வளவு என்ற வித்தியாசம்தான் கசிவின் அளவு. குறைந்திருந்தால் நைட்ரஜன் ஏற்றியோ ஒளிரும் சாயம் விட்டோ ஓட்டையைத் தேட வேண்டும். அடைத்த பிறகு வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, அப்புறம் தராசு வைத்துக் கிராம் கணக்கில் நிரப்ப வேண்டும். கேஸ் கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் உண்டு. கூடினால் கண்டென்சரில் திரவம் தேங்கி, சூடு வெளியேற இடம் குறைந்து, அழுத்தம் ஏறி, மதிய வெயிலில் கம்ப்ரசரே நின்று நின்று ஓடும். குறைவாக இருப்பதும் ஒரு தடயம் காட்டும். சில வண்டிகளில் இடது வென்ட்டுக்கும் வலது வென்ட்டுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம் வரும், காயிலின் ஒரு பக்கத்துக்குத் திரவமே போய்ச் சேராததால்.

எங்கள் பழைய வண்டி ஒன்றில் இரண்டு கோடைக்கு ஒரே கடையில் கேஸ் போட்டுக் காசு வாங்கினார்கள். காலையில் கிளம்பும்போது நன்றாகக் குளிரும், இன்ஜின் சூடு முள் நடுவுக்கு வரவர வென்ட் 18, 20 டிகிரிக்கு ஏறிவிடும். கடைசியில் ராணிப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். கேஜை எடுக்கவேயில்லை. பானட்டைத் திறந்து கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குழாயைத் தொட்டார். வேர்த்து, சில்லென்று இருந்தது. "கேஸ் சரியா இருக்கு தம்பி, ஹீட்டர் கலக்குது" என்றார். ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயை இடுக்கியால் அழுத்திப் பிடித்தார், சில நிமிடத்தில் வென்ட் 10 டிகிரிக்கு இறங்கியது. சூட்டையும் குளிரையும் கலக்கும் உள்மடல் முழுதாக மூடவில்லை, அவ்வளவுதான். ஏசியில் கோளாறு என்று வருகிறவர்களுக்கெல்லாம் கேஸ்தான் மருந்து என்ற பழக்கம் எவ்வளவு பணத்தைத் தின்றிருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பணம் மட்டும் இல்லை, ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் கரியமில வாயு ஆயிரம் கிலோவுக்கு மேல் கலந்த அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 தொடக்கத்திலிருந்து புதுக் கார்களில் இந்தக் கேஸைத் தடுத்துவிட்டது. அங்கே இப்போது பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப். ஓட்டைக் குழாயில் வருஷா வருஷம் அடிக்கும் கேஸ் எங்கே போகிறது என்று கடைக்காரரும் யோசிக்க வேண்டும், நாமும் யோசிக்க வேண்டும்.

பின் சீட்டுக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் பின் சீட்டில் யார் உட்காருகிறார்கள்? அம்மா, பாட்டி, குழந்தை. வெப்பத்தைத் தாங்கும் சக்தி குறைந்தவர்கள்தான் ஏசி கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறார்கள். ஓட்டுகிறவர் தன் முகத்தில் காற்று அறைவதால் பிளோயரைக் குறைப்பார், பின்னால் அப்போதுதான் குளிர ஆரம்பித்திருக்கும். "பின்னாடி ஏசி வென்ட் இருக்கு" என்று விளம்பரத்தில் பார்த்தால் அதோடு நின்றுவிடக் கூடாது. சில வண்டிகளில் அது முன்பக்கக் காயிலிலிருந்து குழாய் வழியாக வரும் உண்மையான குளிர்க்காற்று. சிலவற்றில் உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துத் திருப்பித் தள்ளும் விசிறி மட்டும்தான், அது சுழற்சிக்கு உதவும், தானாகக் குளிர்விக்காது. பெரிய ஏழு சீட்டு வண்டிகள் சிலவற்றில் பின்னால் தனிக் காயிலே இருக்கும். பின் வென்ட்டில் தெர்மாமீட்டர் முனையை வைத்தால் எது எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து மதியம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஷோரூமில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

உள்காற்றுச் சுழற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. புழுக்கமான ஊரில் ஏசி ஜெயிப்பதே அந்தப் பொத்தானால்தான், ஒருமுறை பிழிந்த காற்றையே திரும்பத் திரும்ப எடுக்கிறது. ஆனால் நான்கைந்து பேர் ஏறிய வண்டியில் அதையே மணிக்கணக்காகப் போட்டுவைத்தால் மூச்சுக் காற்றின் கரியமில வாயு சேர்ந்து தலை கனக்கும், ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வரும். சென்னையிலிருந்து பெங்களூரு போகும்போது சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி கொஞ்ச நேரம் வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவேன். ஏசி நன்றாக இருந்தால் அந்த நேரத்தில் வென்ட் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏறாது. ஆக இதுவும் எனக்கு ஒரு சோதனைதான்.

மின்சாரக் கார்களில் கம்ப்ரசருக்கு இன்ஜினோடு சம்பந்தமில்லை. தனி மோட்டார் என்பதால் நெரிசலில் நின்றாலும் முழு வேகத்தில் சுற்றும், பெருங்களத்தூர் சோதனையில் அவை எளிதாகத் தேறும். அங்கே பார்க்க வேண்டியது வேறு. பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான். கோடை மதியத்தில் வேக சார்ஜ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும், சார்ஜ் முடித்துக் கிளம்பிய முதல் சில நிமிடங்களிலும் வென்ட் எத்தனை டிகிரி என்று குறித்துப் பாருங்கள். இரண்டு வேலைக்கும் பலம் இருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

கார்களை விட்டு லாரிக்கு ஒரு நிமிடம் போக வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஏசி சும்மா இருந்தால் போதாது, ஐஎஸ் 14618 என்ற இந்தியத் தரத்தின் 2022 பதிப்புப்படி சோதிக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டுகிறவர்களின் வேலை என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். காலுக்குக் கீழே இன்ஜின் சூடு, எதிரே பெரிய கண்ணாடி முழுக்க வெயில், நாள் முழுக்க அதே இருக்கை. வாரத்துக்கு ஒருநாள் குடும்பத்தோடு வெளியே போகும் நம்மை விட அவர்களுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு கவலை மட்டும் இருக்கிறது. தரச் சோதனை நடப்பது புது வண்டியில். கல்குவாரித் தூசியிலும் சிமென்ட் லோடிலும் ஓடும் லாரியின் கண்டென்சர் இரண்டே வருடத்தில் மண்ணாகிவிடும். கேபின் ஃபில்டரை மாற்ற முதலாளி காசு கொடுப்பாரா என்பது வேறு கேள்வி. தகுதிச் சான்றுக்காக (எஃப்சி) வண்டியைக் காட்டும் நாளில் பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும்போது கேபினுக்குள் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, பிளோயரை முழுதாக வைத்து, வெளிச்சூடு இவ்வளவு, வென்ட் இவ்வளவு, டிரைவர் மூக்கு உயரத்தில் இவ்வளவு என்று மூன்று எண்களைச் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்கிறேன். பதினைந்து நிமிடம் போதும். லாரி உரிமையாளர் சங்கங்களில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வண்டிகளில் இந்தக் கோடையிலேயே ஆரம்பிக்கலாம்.